ஸ்கோப் என்றால் எந்த ஸ்கோப்?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் ஃபிளாட்டில் நாலு வீடு தள்ளி இருக்கும் அக்காவுக்கு வயது 58. மாதவிடாய் நின்று ஆறு வருடமாகிவிட்டது. போன வருடம் ஒரு நாள் உள்ளாடையில் ரத்தக்கறை பார்த்தார். உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தார், நின்றுவிட்டது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தது. கிளினிக் கெசிஹாத்தான் என்னும் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, "ஸ்கோப் போட்டுப் பார்க்கணும்" என்று தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியில் அக்கா போகவில்லை.

ஏன் என்று கேட்டேன். "கோலாலம்பூர்ல என் தங்கச்சிக்கு இப்படித்தான் ஸ்கோப்புன்னு சொல்லி வயித்துல நாலு ஓட்டை போட்டாங்க. ரெண்டு வாரம் எழுந்து நடக்க முடியல. எனக்கு ரெண்டு சொட்டு ரத்தத்துக்கு அதெல்லாம் வேணாம்மா" என்றார்.

நான் பெண்கள் வார்டில் 19 வருடம் மிஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்தவள். அக்கா சொன்னதைக் கேட்டு எனக்கு ஆச்சரியமில்லை, வருத்தம்தான். தங்கைக்குச் செய்தது வேறு, அக்காவுக்குச் செய்ய இருந்தது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லால் பயந்து, அவசியம் பார்க்கவேண்டிய ஒன்றை அவர் நாலு மாதம் தள்ளிப்போட்டுவிட்டார்.

ஸ்கோப் என்பது ஒரு சிகிச்சையின் பெயரே இல்லை. வெளிச்சமும் கேமராவும் சேர்ந்த மெல்லிய குழாயை உடம்புக்குள் விட்டுத் திரையில் பார்ப்பது எதுவானாலும் அதற்கு ஸ்கோப் என்றுதான் பெயர். வாய் வழியாக இரைப்பைக்குப் போனாலும் ஸ்கோப், சிறுநீர்ப்பைக்குப் போனாலும் ஸ்கோப். பெண்ணின் இடுப்புக்குள் இருக்கும் கர்ப்பப்பை, சினைப்பை, கருக்குழாய் ஆகியவற்றைப் பார்க்க முக்கியமாக இரண்டு ஸ்கோப் உண்டு. கீழ்வழியாக, அதாவது பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பைக்குள் போவது ஹிஸ்டரோஸ்கோபி. தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போவது லேப்பராஸ்கோபி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனை சரியில்லை என்றால் செய்யும் கால்போஸ்கோபியை மூன்றாவதாகச் சொல்வார்கள். அதில் பார்க்கும் கருவி உடம்புக்குள் போவதில்லை. வெளியே நிற்கும் பூதக்கண்ணாடி மாதிரியான கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள்.

கர்ப்பப்பையை ஒரு வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டரோஸ்கோபி வாசல் வழியாக உள்ளே போய்ச் சுவரையும் கூரையையும் பார்க்கிறது. லேப்பராஸ்கோபி வீட்டுக்குள் நுழைவதே இல்லை. வேலிக்கு மேலிருந்து வீட்டின் வெளிச்சுவரை, பக்கத்துத் தோட்டத்தை, சுற்றியுள்ள எல்லாவற்றையும் பார்க்கிறது. ரத்தப்போக்கு பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்து வருவது. நாள்பட்ட இடுப்பு வலி, சினைப்பைக் கட்டி, கருக்குழாய் அடைப்பு எல்லாம் வெளியே இருப்பவை. எந்த ஸ்கோப் என்பதை முடிவு செய்வது இதுதான். குழந்தைப்பேறு தள்ளிப்போகும் சில பெண்களுக்கு ஒரே மயக்கத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு.

முதலில் கீழ்வழி ஸ்கோப். வெறும் கர்ப்பப்பையின் உள்ளே வெற்றிடம் என்று எதுவும் கிடையாது. நனைந்த துணிப்பை மாதிரி முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக் கிடக்கும். அதனால் குழாய் வழியாகவே உப்புநீரை, நாம் டிரிப் ஏற்றுகிறோமே அதே சலைனை, மெதுவாக விடுவார்கள். நீர் சுவர்களை விலக்கும், இடம் தெரியும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் குழாய் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன்தான், நாம் எழுதும் பேனாவைவிட மெல்லியது. எங்கும் கத்தி படாது, தையல் கிடையாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பல இடங்களில் மயக்க மருந்து கொடுக்காமலே, கிளினிக் அறையில் படுக்கவைத்தே செய்கிறார்கள்.

வலிக்குமா? இதற்கு என்னிடம் நேர்மையான ஒரே பதில்தான் உண்டு: ஆளுக்கு ஆள் மாறும். பலருக்கு மாதவிடாய் முதல் நாள் வயிற்றைப் பிசையுமே, அந்த அளவு. சிலருக்கு அதைவிடக் கூடுதல். பிரசவம் ஆகாதவர்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் கர்ப்பப்பை வாய் இறுக்கமாக இருப்பதால் சிரமம் அதிகம். செய்யும் முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வரலாமா என்று கேளுங்கள். தாங்க முடியாவிட்டால் "நிறுத்துங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. நிறுத்திவிட்டு இன்னொரு நாள் மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. நம் பெண்கள் அப்படிக் கிடப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மாதவிடாய் வரும் பெண்ணாக இருந்தால், ரத்தம் நின்ற சில நாட்களுக்குள் தேதி கொடுப்பார்கள். அப்போது உள்சவ்வு மெல்லியதாக இருக்கும், சின்னக் கட்டியும் மறையாமல் தெரியும். கர்ப்பம் இருக்காது என்பதும் ஏறக்குறைய உறுதி. ஆனாலும் சிறுநீர்ச் சோதனை செய்வார்கள், அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முன்பெல்லாம் ரத்தப்போக்கு என்று வந்தால் கழுவிவிடுவார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்த டி அண்ட் சி அதுதான். கர்ப்பப்பை வாயை விரித்து, ஒரு கரண்டிக் கருவியால் உள்சவ்வைச் சுரண்டி எடுப்பது. டாக்டரின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் அது கண்ணால் பார்க்காமல் செய்யும் வேலை. காம்பில் தொங்கும் பாலிப் என்னும் சதைவளர்ச்சி கரண்டி படும்போது விலகிக்கொள்ளும். சுரண்டியது பரிசோதனைக்குப் போகும், ஒன்றுமில்லை என்று வரும், ஆனால் ரத்தம் நிற்காது. அதற்காக மூன்று முறை கழுவிக்கொண்ட ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். ஸ்கோப்பில் பார்த்தபோது மூலையில் ஒரு பாலிப் இருந்தது. கண்ணால் பார்த்து எடுப்பதற்கும் கைத்தடவலில் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்குத்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1806இல் ஜெர்மனியில் பிலிப் போட்சினி என்ற மருத்துவர், மெழுகுவத்தி வெளிச்சத்தைக் கண்ணாடியால் திருப்பி உடம்புக்குள் பார்க்க ஒரு கருவி செய்தார். 1869இல் பந்தலியோனி என்ற மருத்துவர் அந்த வழியில் வந்த ஒரு கருவியைக் கொண்டு ஒரு பெண்ணின் கர்ப்பப்பைக்குள் பார்த்தார். ஹிஸ்டரோஸ்கோபி என்று பதிவான முதல் நிகழ்வு அதுதான். அந்தப் பெண்ணுக்கு வயது 60. எதற்கும் நிற்காத ரத்தப்போக்கு. உள்ளே ஒரு பாலிப் இருப்பதைக் கண்டு, சில்வர் நைட்ரேட் வைத்துச் சுட்டார். எங்கள் அக்காவுக்கு இருந்த அதே தொந்தரவு, ஏறக்குறைய அதே வயது.

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் அது சூடு இல்லை, பார்த்தே ஆகவேண்டும். அப்படி வரும் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. உள்சவ்வு வறண்டு மெலிந்து போயிருக்கும், அல்லது பாலிப் இருக்கும். அந்தப் பத்தாவது ஆளுக்காகத்தான் எல்லோரையும் பார்க்கிறோம். கர்ப்பப்பை உள்சவ்வில் வரும் புற்றுநோய் இப்படி ரத்தத்தைக் காட்டி ஆரம்பத்திலேயே தன்னைத் தெரியப்படுத்திவிடும். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

பார்ப்பதோடு நிற்காமல், அதே வழியில் சின்னக் கத்தரி, மின்சாரம் ஓடும் கம்பி வளையம் இவற்றை விட்டு வேலையும் செய்யலாம். பாலிப்பை எடுக்கலாம். கர்ப்பப்பையின் உட்பக்கமாக முட்டிக்கொண்டிருக்கும் ஃபைப்ராய்டு என்னும் தசைக்கட்டியை வழித்து எடுக்கலாம். பிறவியிலேயே நடுவில் தடுப்பு இருந்தால் வெட்டிவிடலாம். முன்பு கழுவியதால் சுவர்கள் ஒட்டிப்போயிருந்தால் பிரிக்கலாம். கருத்தடைக்காக வைத்து, நூல் காணாமல் போன லூப்பைத் தேடி எடுப்பதும் இதில்தான். இதற்கெல்லாம் பெரும்பாலும் மயக்கம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் தியேட்டரில் ஒரு மிஸியின் கண் முழுக்கத் தண்ணீர்க் கணக்கில் இருக்கும். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, மீதி எவ்வளவு ரத்தத்தில் கலந்தது என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். சலைன் என்றால் ஆரோக்கியமான பெண்ணுக்கு 2500 மில்லி வித்தியாசம் வந்ததும் நிறுத்தச் சொல்வோம். வயதானவர், இருதய நோய் உள்ளவர் என்றால் அதற்கும் முன்பே. நான் அந்தப் பலகையில் எழுதிய எண்களை எந்த நோயாளியும் பார்த்ததில்லை. அவர்களுடைய நுரையீரலில் நீர் சேராமல் காத்ததில் அந்த எண்களுக்கும் பங்கு உண்டு.

இனி தொப்புள் வழி, அக்காவின் தங்கைக்குச் செய்தது. இதற்கு முழு மயக்கம் வேண்டும். தொப்புளில் ஏன் என்று கேட்பார்கள். அங்கேதான் தோலுக்கும் வயிற்றறைக்கும் நடுவில் தசையும் கொழுப்பும் குறைவு, தழும்பும் மடிப்புக்குள் மறைந்துவிடும். முதலில் ஒரு ஊசி வழியாகக் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை ஏற்றி வயிற்றைப் பலூன் மாதிரி எழுப்புவார்கள். பல இடங்களில் இதற்குப் பயன்படும் வெரஸ் ஊசியை 1930களில் ஹங்கேரியின் யானோஷ் வெரஸ் காசநோயாளிகளின் நெஞ்சுச் சிகிச்சைக்காகச் செய்தார். உள்ளே நுழைந்ததும் மழுங்கிய உள்முனை தானே முன்னால் வந்து, கூர்முனை உறுப்பில் குத்தாமல் காக்கும் ஊசி அது. வயிறு எழும்பியதும் சுமார் 10 மில்லிமீட்டர் துளையில் கேமரா போகும். வேலை செய்ய அடிவயிற்றில் 5 மில்லிமீட்டரில் இரண்டோ மூன்றோ துளைகள். தங்கையின் நாலு ஓட்டைக் கணக்கு இப்படி வந்ததுதான். படுக்கையைத் தலைப்பக்கம் தாழ்த்தியதும் குடல் மேலே சரிந்துவிடும். கர்ப்பப்பை, இரண்டு சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாம் திரையில் பெரிதாகத் தெரியும்.

அது என்ன வாயு, உள்ளேயே தங்கிவிடாதா என்று பயப்படுகிறார்கள். நாம் மூச்சில் விடுகிறோமே, அதே வாயுதான். மின்சாரக் கருவி பட்டாலும் தீப்பிடிக்காது, ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும். முடிக்கும்போது பெரும்பகுதியைத் திறந்துவிட்டுவிடுவார்கள். மிஞ்சுவது ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் அந்த ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கும். வயிற்றில் செய்ததற்குத் தோளில் ஏன் வலி என்று பதறி, ஹார்ட் அட்டாக் என்று அழுத பெண்களை நான் தேற்றியிருக்கிறேன். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தசைத்திரை இருக்கிறது. வாயு அதன் அடியில் சேர்ந்து உறுத்துகிறது. அந்தத் திரையின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுபவை. அதனால் மூளை அந்த உறுத்தலைத் தோள் வலியாக எடுத்துக்கொள்கிறது. எழுந்து மெதுவாக நடந்தால் குறையும். இதைச் செய்யும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் ஒரு ராத்திரி முழுக்க அழ வேண்டியதில்லை.

இந்த வழியில் செய்யப்படும் வேலைகளின் பட்டியல் நீளம். சினைப்பைக் கட்டி, முறுக்கிக்கொண்ட சினைப்பை, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், கர்ப்பப்பைச் சுவரிலும் வெளிப்பக்கமும் உள்ள ஃபைப்ராய்டு, குடும்பக் கட்டுப்பாடு, நீலச் சாயம் விட்டுக் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, கர்ப்பப்பையையே எடுப்பது. லேப்பராஸ்கோபியில் முழுக் கர்ப்பப்பையை எடுத்த முதல் அறுவையை அமெரிக்காவில் ஹாரி ரீச் 1988இல் செய்தார். அதற்கு முன்பே, 1978இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாளே, அவளுடைய அம்மாவின் சினைப்பையிலிருந்து முட்டையை எடுத்தது பாட்ரிக் ஸ்டெப்டோவின் லேப்பராஸ்கோப்தான். 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் கூர்ட் செம் குடல்வாலை இதே முறையில் எடுத்தார். செம் மகப்பேறு மருத்துவர். பொது அறுவை மருத்துவர்கள் அவரைத் தடை செய்யவேண்டும் என்று கோரும் அளவுக்கு எதிர்த்தார்கள். இன்றைக்கு யாருக்குப் பித்தப்பையைத் துளை போட்டு எடுத்தாலும், அந்தப் பாதையைப் பெண்களின் டாக்டர்கள்தான் முதலில் வெட்டினார்கள் என்று நான் பெருமையாகச் சொல்வேன்.

எண்டோமெட்ரியோசிஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே, சினைப்பையிலும் குடல் மேலும் வளர்ந்து மாதாமாதம் புண்ணாவது. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கினால் சாக்லேட் கட்டி. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வீடுகளில் "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று அடக்கிவிடுகிறோம். மாதம் இரண்டு நாள் எம்.சி. என்னும் மருத்துவ விடுப்பு எடுக்கும் அளவுக்கு, பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு வலி இருந்தால் அது வழக்கமான வலி இல்லை. முன்பு லேப்பராஸ்கோபி செய்து பார்த்தால்தான் இந்த நோய் உறுதி என்பார்கள். இப்போது நல்ல ஸ்கேனோ எம்.ஆர்.ஐயோ எடுத்து, மருந்தும் கொடுத்துப் பார்க்கலாம் என்று வழிமுறை மாறியிருக்கிறது. ஆனால் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. மெல்லிய திட்டுகள் ஸ்கேனில் தெரியாது.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். நோயைப் பார்க்க மட்டும் செய்யும் லேப்பராஸ்கோபியில் 1000 பேரில் சுமார் 2 பேருக்குக் குடல், சிறுநீர்ப்பை, பெரிய ரத்தக்குழாய் இவற்றில் காயம் போன்ற கடுமையான சிக்கல் வரலாம். முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் பெரிய வேலை செய்யும்போதும் இது கூடும். சிலருக்கு நடுவில் துளையை விட்டுவிட்டு வயிற்றைத் திறக்க நேரும். அது தோல்வி இல்லை, பத்திரமான முடிவு. பெரிய ஃபைப்ராய்டைத் துளை வழியாக எடுக்க உள்ளேயே துண்டுபோடும் கருவி ஒன்று உண்டு. அந்தக் கட்டியில் தெரியாமல் புற்றுநோய் இருந்தால் வயிற்றுக்குள் பரவிவிடும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014இல் எச்சரித்தது. உங்கள் கட்டியை எப்படி வெளியே எடுப்பார்கள், பைக்குள் போட்டு எடுப்பார்களா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம் நாளுக்குப் பிறகு கூடினால், காய்ச்சல், வாந்தி, வயிறு உப்பல் வந்தால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஜாமு என்னும் மலாய் மூலிகை மருந்து, மூலிகைச் சாறு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று எதைச் சாப்பிட்டாலும் மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள் நம்மில் அதிகம். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். பார்ப்பதற்கான ஹிஸ்டரோஸ்கோபி என்றால் மறுநாளே வேலைக்குப் போகலாம். லேப்பராஸ்கோபியில் கர்ப்பப்பையையோ பெரிய ஃபைப்ராய்டையோ எடுத்திருந்தால் நாலு முதல் ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது. வெளியே தழும்பு சின்னதாக இருப்பதால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி ஏற வேண்டும். தேதி முடிவு செய்யும்போதே விரதத்தைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கல்யாணமாகாத பெண்ணின் அம்மாக்கள் வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கேட்பதில் வெட்கம் வேண்டாம். தொப்புள் வழி ஸ்கோப் பிறப்புறுப்பைத் தொடாமலே செய்ய முடியும். கர்ப்பப்பையை அசைக்கக் கீழ்வழியாக ஒரு கருவி வைக்கும் வழக்கம் உண்டு, வேண்டாம் என்று முன்பே சொன்னால் தவிர்க்கப் பார்ப்பார்கள். கீழ்வழி ஸ்கோப்பையும், பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெக்குலம் கருவியைப் போடாமல் மெல்லிய குழாயை மட்டும் விட்டுச் செய்யும் முறை இருக்கிறது. டாக்டரிடம் அந்தப் பெண்ணே பேசட்டும். 18 வயது ஆகிவிட்டால் சம்மதப் படிவத்தில் கையெழுத்து அவளுடையது.

கையெழுத்துப் போடும் முன், பார்க்க மட்டுமா, ஏதாவது இருந்தால் அப்போதே எடுத்துவிடுவீர்களா, எதை எடுக்க என்னிடம் சம்மதம் வாங்குகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சினைப்பையை எடுப்பதும் கட்டியை மட்டும் எடுப்பதும் ஒன்றில்லை. மலாயில் எழுதியது புரியாவிட்டால் தமிழ் தெரிந்த மிஸியைக் கூப்பிடச் சொல்லுங்கள், வருவார்கள். நான் போயிருக்கிறேன்.

அக்காவை மறுபடி தேதி வாங்க நான்தான் கூட்டிப்போனேன். அறைக்குள் நான் வாயைத் திறக்கவில்லை. அவரே டாக்டரைப் பார்த்து, "ஈக்குட் பாவா கே, ஈக்குட் பூசாட்?" என்று கேட்டார். கீழ்வழியா, தொப்புள் வழியா? அந்த இளம் டாக்டர் ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டு, ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்து காட்டினார். ஈக்குட் பாவா. கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் உள்ளே போய்ப் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்தார். விரல்நுனி அளவு பாலிப். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து வந்த முடிவில் புற்றுநோய் இல்லை. அந்தப் படம் வரைந்த தாளைக் கோலாலம்பூர்த் தங்கைக்குப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.